திங்கட்கிழமைகளில் பன்றி விலா

ஏப்ரல் 1, திங்கள்

இன்று இவர் வீட்டில் சமைத்தார். அதை எழுதி வைப்பதற்காகவே இந்த டயறியைத் தேடி எடுத்தேன். மகள் பெனிற்றா நத்தார்ப் பண்டிகைக்குத் தந்தது. மூன்று மாதத் தாள்கள் வெறுமையாகக் கிடக்கின்றன.

கல்யாணம் கட்டி இருபத்தாறு வருடம். அதில் பத்தொன்பது வருடமாக இவருக்கு இந்தச் சுவிஸில், துன் நகரத்து ஏரிக்கரை உணவகம் ஒன்றில் வேலை. கோப்பை கழுவப் போனவர், இன்று அங்கே இரண்டாவது சமையல்காரர். மீனும் சோசும் இவர் பொறுப்பு. ஆனால் ஸ்பீட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக் குசினிக்குள் தண்ணீர் குடிக்க மட்டும்தான் வருவார். "நாள் முழுக்க அடுப்போடை நிண்டிட்டு இஞ்சையும் நிக்கிறதோ?" என்பார். நானும் முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க மற்றவர்களின் துணி துவைத்துவிட்டு வந்துதான் இவருடைய சேட்டுகளைத் துவைக்கிறேன். அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

திங்கட்கிழமை உணவகம் பூட்டு. காலையில் வெளியே போனவர் ஒரு முழுப் பன்றி விலாவோடு வந்தார். எலும்புப் பக்கத்தில் ஒட்டியிருந்த மெல்லிய தோலைக் கத்தி முனையால் கிளப்பி, கடதாசித் துணியால் பிடித்து ஒரே இழுவையில் உரித்தார். உப்பு, மிளகு, சிவப்பு மிளகாய்த்தூள், உள்ளித்தூள், மண்ணிறச் சீனி எல்லாம் பூசி, ஈயத்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி ஓவனுக்குள் வைத்தார். மூன்று மணி நேரம். பிறகு தாளைப் பிரித்து, தக்காளியும் வினாகிரியும் தேனும் காய்ச்சிய சோசைப் பூசி, மேல்சூட்டில் எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடமும் ஓவன் கண்ணாடிக்கு முன்னால் முழந்தாளில் இருந்தார். பூசையில் கூட இவர் இவ்வளவு நேரம் முழந்தாளில் இருந்து நான் பார்த்ததில்லை.

இறைச்சி எலும்பை விட்டுக் கழன்று வந்தது.

"எப்பிடிக் கிடக்கு?"

"நல்லாக் கிடக்கு."

"நல்லாக் கிடக்கு எண்டால் என்ன? வடிவாச் சொல்லும். மணம் எப்பிடி?"

தவக்காலம் நாற்பது நாளும் இறைச்சி தொடாத வாய். எதுவும் நன்றாகத்தான் இருக்கும். அப்படியே சொன்னேன். திருப்திப்பட்ட முகமாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

மறுபடியும் விலா.

போன கிழமை பெருநாள், சரி. இன்று என்ன நாள்?

சாப்பாட்டுக் கோப்பையை எனக்கு முன்னால் வைத்துவிட்டு எதிர்க் கதிரையில் இருந்தார். எனக்கு முன்னதாக ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை. "நான் பேந்து சாப்பிடுறன்" என்றார். நான் சப்பச் சப்ப என் முகத்தையே பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் நான் சாப்பிடுவதை இவர் பார்த்தது கிடையாது.

"இனிப்புக் கூடிப்போச்சு. குழந்தைப் பிள்ளையளின்ரை மருந்து மாதிரி" என்றேன்.

எழும்பிப் போய்ச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பி எடுத்து எழுதினார். நான் எட்டிப் பார்க்க, மூடிவிட்டார்.

"என்ன எழுதுறியள்?"

"ஒண்டுமில்லை. நேரம்."

நேரம் எழுதுவதற்கு ஏன் மூட வேண்டும்?

ஏப்ரல் 10, புதன்

இவருடைய கறுப்பு ஜாக்கெட்டைத் துவைக்க எடுத்தேன். கழுத்துப் பட்டியில் வாசனை. வனிலாவும் தோடம்பூவும் கலந்த மாதிரி, நல்ல அடர்த்தி. இடது தோளிலும் இருந்தது.

பதினாறு வருடமாகத் துணியை மணந்து பார்த்துப் பிரிப்பதுதான் எனக்குத் தொழில். எந்தச் சேட்டில் களிம்பு, எதில் சூப், எது யாருடையது என்று பெயர்த் துண்டு பார்க்காமலே சொல்வேன். இது சமையல் வாசனை இல்லை. ஆண்கள் பூசுவதும் இல்லை.

இதை ஒளிக்க வேண்டும் என்றுகூட இவருக்குத் தோன்றவில்லை. நேராகக் கொண்டுவந்து வாசலில் கொளுவியிருக்கிறார்.

ஏப்ரல் 12, வெள்ளி

ஒன்றும் கேட்கவில்லை. செபமாலை சொன்னேன். (இவருடைய பெயரும் அதுதான். சொல்லும்போது கோபமாக வந்தது.)

ஏப்ரல் 15, திங்கள்

மூன்றாவது விலா. சீனியைக் குறைத்து, மிளகைக் கூட்டி, கொஞ்சம் பழப்புளியும் சேர்த்திருந்தார். ருசி என்றால் ருசி. நான் அப்படிச் சொல்லவில்லை. "பரவாயில்லை" என்றேன். பாவம், கொப்பியைத் திறந்தபடி நின்றார்.

இவர் குளிக்கப் போன நேரம் கொப்பியைப் பார்த்தேன். பார்த்தது பிழைதான். ஆனால் பிழையான இடத்தில்தானே பிழையைத் தேட வேண்டியிருக்கிறது.

முழுக்க நேரமும் பாகையும். நடுவில் என் பெயரின் முதல் எழுத்து: "எ. - இனிப்புக் கூட." "எ. - முகம் சுழித்தாள், ஏன் எண்டு சொல்லேல்லை." எனக்குத் தெரியாமல் என்னைப் பற்றி எழுதியிருக்கிறார், ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பற்றி எழுதுகிற மாதிரி.

நடுத்தாளில் ஒரு சின்ன அட்டை. உருண்டை உருண்டையான எழுத்து, பெண்ணுடையது, டொச் மொழியில். "அன்பு செபிக்கு" என்று தொடங்கியிருந்தது. கீழே: "130 பாகை, மூன்று மணி நேரம், தாளுக்குள். கடைசி எட்டு நிமிடம் என்னைக் கூப்பிடு. கார்லா."

செபி! இவருடைய தாய்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

கார்லா யாரென்று தெரியும். போர்த்துக்கல்காரி, அங்கே சாலட் வெட்டுகிறவள். முப்பத்தைந்து இருக்கும். உணவக நத்தார் விருந்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கியவள். அன்று அவள் என்ன வாசனை பூசியிருந்தாள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

பின்னேரம் தொலைபேசி வந்தது. எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஒரு பரீட்சை வைத்தேன்.

பெனிற்றா வாங்கித் தந்த வாசனைப் போத்தல் இரண்டு வருடமாகத் திறக்காமல் இருந்தது. கழுத்திலும் கையிலும் நாலு தரம் அடித்தேன். எனக்கே தலை சுற்றியது. வேலையால் வந்து கதிரையில் இருந்தவருக்குப் பக்கத்தில், தோள் முட்ட இருந்து, வேண்டுமென்றே பேப்பரை எட்டி எடுத்தேன்.

ஒன்றுமில்லை. "நாளைக்கு மழையாமே" என்றார்.

ஒரு வாசனை பழகிப்போன மூக்குக்கு மற்றது ஏறாது போலிருக்கிறது. குளியலறையில் தேய்த்துக் கழுவினேன். அழவில்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு நிலவறைக்கு உடுப்பு எடுக்கப் போனேன். அங்கே மேல்வீட்டு மனுசி பிடித்துக்கொண்டாள். திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீடு முழுக்கக் கரி மணம். இவர் குசினிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பத்தடி தூரத்தில், உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"உங்களுக்கு என்ன, மூக்கும் இல்லையோ?" என்று கத்தினேன்.

சட்டென்று திரும்பிப் பார்த்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி.

"கவனிக்கேல்லை" என்றார். பிறகு தானே பானையை உரஞ்சிக் கழுவினார். குற்றமுள்ளவர்கள்தான் கேட்காமல் பானை கழுவுவார்கள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

பெனிற்றா பாசல் நகரத்திலிருந்து தொலைபேசி எடுத்தாள். ஜாக்கெட்டைப் பற்றியும் அட்டையைப் பற்றியும் சொன்னேன். சிரித்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது, எல்லாம் சிரிப்பு.

"அம்மா, அப்பாவிட்டையே கேளுங்கோவன்."

"கேட்டால் உண்மை சொல்லுவாரோ?"

"சொல்லுவார். உங்களுக்குத்தான் கேக்கப் பயம்."

எனக்கு ஒரு பயமும் இல்லை. எனக்குத் தேவை ஆதாரம், அவ்வளவுதான்.

மே 2, வியாழன்

அரை நாள் லீவு. ரயிலில் துன் வரை போய் வந்தேன். மழை. குடையை ரயிலில் விட்டுவிட்டேன்.

மே 4, சனி

இவர் நேரத்தோடு வந்தார். சாப்பாடு வேண்டாம் என்றார். விசாரித்ததில், கார்லாவைக் குசினியிலிருந்து மாற்றிவிட்டார்களாம். சின்ன முதலாளி ரேட்டோ அவளை வெளியே மேசைகளுக்குப் பரிமாற விட்டுவிட்டாராம். ரேட்டோ பழைய முதலாளியின் மகன். இந்த வருடம்தான் பொறுப்பெடுத்தவர்.

"அவையின்ரை இடம், அவையின்ரை இஷ்டம். அதுக்கு நீங்கள் ஏன் பட்டினி கிடக்கிறியள்?" என்று கேட்டேன்.

கையை விரித்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாலட் வெட்டுகிற ஒருத்தி இடம் மாறியதற்கு இவ்வளவு துக்கமா? எனக்கு வேண்டிய ஆதாரம் கிடைத்துவிட்டது. நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

மே 6, திங்கள்

விலா. இன்று என்றுமில்லாத பதற்றம். எட்டு நிமிடம் என்பது பத்தாகி, ஓரங்கள் கருகிவிட்டன. "கரிஞ்சு போச்சு" என்றேன். "எவ்வளவு? எந்த இடத்திலை?" என்று கேட்டார். கண்ணுக்கு முன்னால் கறுப்பாக இருக்கிறது, என்னிடம் கேட்கிறார். சோசே கடும் நிறம், தெரியவில்லையாம்.

பிறகு தானாகவே ஒரு விசயம் சொன்னார். ரேட்டோ சாப்பாட்டுப் பட்டியலை முழுக்க மாற்றுகிறாராம். 27ஆம் திகதி திங்கட்கிழமை, பூட்டிய உணவகத்தில், சமையல்காரர் நாலு பேரும் ஆளுக்கொரு புதுச் சாப்பாடு செய்துகாட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் யார் எந்த அடுப்பில், யார் தேவையில்லை என்று முடிவு. இவருடைய சாப்பாடு விலா.

"எனக்கு ஐம்பத்திநாலு வயசு. இனி எங்கை போய்க் கோப்பை கழுவிறது?"

"இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் நினைச்சனான்."

அவள் போன பிறகுதான் மனைவி ஞாபகம் வந்திருக்கிறது. அப்படி நினைத்துக்கொண்டே கோப்பையைக் கழுவினேன். ஆனால் இது எனக்குச் சரியாகப் பொருந்தி வரவில்லை. கள்ளத் தொடர்பு உள்ளவனுக்கு விலா எலும்பு ஏன்?

மே 11, சனி

உணவகத்தில் ஒரு தட்டு இறைச்சி ஓவனிலேயே கரியாகிவிட்டதாம். புகை மேசை வரை போயிருக்கிறது. இவர் பக்கத்தில்தான் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாராம். ரேட்டோ ஓடிவந்து ஓவனைத் திறந்தாராம்.

"ஓவன் பழசு" என்றார்.

ஓவன் பழசாகலாம். ஆனால் புகை புதிதுதானே?

மே 14, செவ்வாய்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஊருக்குப் போய் வந்த வதனா அக்கா கட்டாக் கருவாடு ஒரு பொதி தந்திருந்தா. யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து நேரே வந்த சரக்கு. இங்கே கருவாடு பொரிக்க நல்ல துணிவு வேண்டும்; போன வருடம் மேல்வீட்டு மனுசி வீட்டுச் சொந்தக்காரருக்குக் கடிதமே எழுதினாள். எல்லா யன்னலையும் பூட்டி, கதவுக்குக் கீழே துவாய் வைத்து அடைத்துவிட்டுப் பொரித்தேன். மணம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. எனக்கே கண் கரித்தது. மூடியைப் போட்டு மூடினேன்.

மத்தியானத்துக்கும் பின்னேரத்துக்கும் இடையில் இவருக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு. வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். குசினிக்குள் வந்து தண்ணீர் குடித்தார். சட்டியிலிருந்து ஒரு முழத் தூரத்தில் நின்று குடித்தார்.

"இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்டார்.

நான் பகிடி என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை.

இவர் பிறந்தது கருவாடு காயும் கடற்கரையில். பெனிற்றா வயிற்றில் இருந்தபோது கருவாட்டு மணத்துக்கு நான் சத்தி எடுத்த நாட்களில், மூன்று மாதம் கருவாடு கேட்காமல் இருந்ததைப் பெரிய தியாகம் என்று இன்றைக்கும் சொல்கிறவர்.

"மணந்து பார்த்துச் சொல்லுங்கோ" என்றேன்.

மூச்சை இழுத்தார். நன்றாக, நெஞ்சு உயர இழுத்தார். என்னைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். முதல் நாள் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்கப்பட்ட பிள்ளை மாதிரி நின்றார்.

"நல்ல மணம்" என்றார்.

"என்ன கறி எண்டு சொல்லுங்கோ."

"கோழியோ?"

மூடியைத் திறந்து காட்டினேன். குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"ஜனவரியிலை அந்தக் காய்ச்சல் வந்து போனதெல்லோ" என்றார். "அண்டையிலிருந்து ஒண்டும் இல்லை."

"ஒண்டும் எண்டால்?"

"ஒண்டும். நாக்குக்கு உப்பு தெரியும், புளி தெரியும், இனிப்பு தெரியும், உறைப்பு சுடும். மிச்சமெல்லாம் வெறும் சூடும் ஈரமும்தான். கோப்பியும் சுடுதண்ணியும் எனக்கு ஒண்டு. உம்மடை தலை மணமும் இல்லை."

டொக்டரிடம் போயிருக்கிறார், எனக்குத் தெரியாமல். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றாராம் டொக்டர்.

"பிறகு எப்பிடி வேலை செய்தனியள்? மீன், சோஸ்..."

"கார்லாதான். முதல் கிழமையே கண்டுபிடிச்சிட்டாள். பழுதான மீனைக் கையிலை வைச்சுக்கொண்டு நிண்டனான், பறிச்சு எறிஞ்சிட்டாள். அண்டையிலிருந்து சாலட் மேசையை என்ரை அடுப்புக்குப் பக்கத்திலை இழுத்துப் போட்டாள். நான் கண் காட்டினால் வந்து மணந்து பார்த்துச் சொல்லுவாள். 'நான் உன்ரை மூக்கு' எண்டு சிரிப்பாள். ஒருத்தருக்கும் தெரியாது."

ஏன் விலா என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு மட்டும் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"மீன் பழுதோ எண்டு மூக்குத்தான் சொல்லும். சோஸ் அடிப்பிடிக்குதோ எண்டும் மூக்குத்தான் சொல்லும். இது அப்பிடி இல்லை. பதம் கைக்குத் தெரியும். இடுக்கியாலை ஒரு முனையிலை தூக்கினால் வில்லு மாதிரி வளைய வேணும், மேலை இறைச்சி லேசா வெடிக்க வேணும். எலும்பு முனை ஒரு விரல் அகலம் வெளியிலை தெரிய வேணும். மூண்டு மணித்தியாலமும் நான் தனிய நிண்டு செய்வன். கடைசி எட்டு நிமிசம்தான், சோசிலை இருக்கிற சீனி கருகிறது மூக்குக்குத்தான் முதல் தெரியும். அந்த எட்டு நிமிசம் எனக்கு இருட்டு."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உமக்குச் சொன்னால் நீர் எல்லாக் கோயிலுக்கும் நேர்த்தி வைப்பீர். வதனாக்குச் சொல்லுவீர். நாலு நாளிலை ரேட்டோவின்ரை காதுக்குப் போயிடும்."

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிப் போனார். கருவாட்டை நான் தொடவில்லை.

மே 15, புதன்

மே 2ஆம் திகதித் தாளில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அன்று துன் போய், உணவகத்தின் பின்வாசலில் ரேட்டோவைக் கண்டேன். என் கணவருக்கும் கார்லாவுக்கும் கூடாத தொடர்பு இருக்கிறது என்றேன். ஜாக்கெட் வாசனையைச் சொன்னேன். அட்டையைச் சொன்னேன். அவளை அவருக்குப் பக்கத்தில் நிற்கவிட வேண்டாம், என் குடும்பத்தைக் காப்பாற்றுங்கள் என்று அழுதேன். அழுகை உண்மை. ரேட்டோ நல்ல மரியாதையாகக் கேட்டார். "பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பார்த்துக்கொண்டார்.

நான் இதை இல்லையென்று எழுதவில்லை. எழுதாமல் விட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

11ஆம் திகதி கருகியது ஓவன் பழசு என்பதால் இல்லை.

மே 18, சனி

இவருக்குச் சொல்லிவிட்டேன். காலையில், கோப்பியை வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கோப்பியைத் தள்ளி வைத்தார்.

"அந்தப் பிள்ளைக்கு ரெண்டு குழந்தையள்" என்றார். "பின்னேரத்திலை வேலை செய்ய ஏலாதெண்டுதான் குசினிக்குள்ளை நிண்டவள். வெளியிலை பரிமாறுறது பின்னேர வேலை. குழந்தையளை இப்ப ஆர் பாக்கினம் எண்டு உமக்குத் தெரியுமோ?"

தெரியாது.

"என்னைச் சந்தேகப்பட்டது கிடக்கட்டும்."

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார். வேலைக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

மே 20, திங்கள்

விலா செய்தார். என்னைக் கூப்பிடவில்லை. எட்டு நிமிடத்துக்கு மணிக்கூடு வைத்துக்கொண்டு தனியே இருந்தார். நான் குசினி வாசலில் நின்று, கேட்காமலே சொன்னேன்: "இப்ப தேன் மணக்குது. இப்ப புளி. இப்ப... எடுங்கோ."

எடுத்தார். என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கொப்பியில் நேரத்தை எழுதினார். ஏழு நிமிடம் இருபது விநாடி.

மே 21, செவ்வாய்

கார்லா வீட்டுக்குப் போனேன். கேக் ஒன்று கொண்டுபோனேன். வாசலிலேயே நிற்க வைத்தாள். உள்ளே குழந்தை அழுதது.

எனக்குத் தெரிந்த டொச்சில், ஜாக்கெட் வாசனையிலிருந்து எல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவளுடைய டொச்சும் என்னுடையதைப் போலத்தான், அதனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விளங்கியது.

"உங்கள் கணவர் ஒரு நாள் குளிர் அறைக்குள் நின்று அழுதார். நான் பிடித்துக்கொண்டேன். அதைத்தான் நீங்கள் மணந்தீர்கள்" என்றாள். "என்னிடம் மன்னிப்பு வேண்டாம். யாரிடம் சொன்னீர்களோ அவரிடம் போய்ச் சொல்லுங்கள்."

கேக்கை வாங்கவில்லை.

அப்படியே உணவகத்துக்குப் போனேன். வழி முழுக்க ஒன்றையே யோசித்தேன். அவள் ஏன் அவருக்குப் பக்கத்தில் நின்றாள் என்று சொன்னால் இவருடைய வேலை போகும். சொல்லாவிட்டால் அவள் பெயர் கெட்டபடியே கிடக்கும். கடைசியில் ரேட்டோவிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "அன்று நான் சொன்னது பொய். அவள் மேலும் அவர் மேலும் ஒரு பிழையும் இல்லை. பிழை என் மூளையில்."

என்னைப் பார்த்த பார்வை இன்னும் உடம்பில் ஒட்டியிருக்கிறது. வேலை அட்டவணை மாத முடிவு வரை போட்டாகிவிட்டது, ஜூனில் பார்க்கலாம் என்றார்.

அப்படியானால் 27ஆம் திகதி அவள் குசினியில் இல்லை.

மே 26, ஞாயிறு

பூசையில் ஒன்றும் மனதில் ஏறவில்லை. "நானும் நாளைக்கு வரட்டோ? வெளியிலை நிப்பன்" என்று கேட்டேன். எட்டு நாளுக்குப் பிறகு இவர் என்னோடு பேசிய முதல் சொல்: "வேண்டாம்."

மே 27, திங்கள்

காலை எட்டு மணிக்குப் போனவர் ஐந்து மணிக்கு வந்தார். அதுவரை நான் யன்னல் துடைத்தேன், துடைத்த யன்னலை மறுபடியும் துடைத்தேன்.

வந்து கதிரையில் இருந்து, தானாகவே சொன்னார். பாதி சொல்லி நிறுத்துவார், நான் காத்திருப்பேன்.

மூன்று மணி நேரமும் சரியாகப் போயிருக்கிறது. தாளைப் பிரிக்க, விலா இடுக்கியில் வில்லாக வளைந்திருக்கிறது. சோஸ் பூசி உள்ளே வைத்தாயிற்று. அந்த ஓவன் வேறு, சூடு வேறு. எங்கள் வீட்டு ஏழு நிமிடம் இருபது விநாடி அங்கே உதவாது. மற்றச் சமையல்காரர்கள் மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ரேட்டோ முன்னால் நிற்கிறார்.

"நாலாவது நிமிசம் எனக்கு ஒண்டு தோன்றினது" என்றார். "இண்டைக்குத் தப்பினாலும் நாளைக்கு மீன் இருக்கு. ஆரோ ஒரு பிள்ளைக்கு நான் பழுதான மீனைக் குடுத்திடுவன். அண்டைக்குக் கார்லா இல்லாட்டில் குடுத்திருப்பன்."

"அதுக்கு?"

"ரேட்டோ, இஞ்சை வந்து நில், எண்டன். இது சரியா மணக்கேக்கை எனக்குச் சொல்லு. எனக்கு மணம் தெரியாது. ஜனவரியிலிருந்து தெரியாது எண்டன்."

பிறகு ரேட்டோ வந்து, இவருக்குப் பக்கத்தில், ஓவனுக்கு முன்னால் குந்தியிருந்தாராம். அவருடைய தகப்பன் காலத்தில் அந்தக் குசினிக்குள் ஓடித்திரிந்த பிள்ளை, இவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தது. கொஞ்ச நேரம் மூக்கை நீட்டிக்கொண்டிருந்துவிட்டு, "இப்போது" என்றாராம்.

எல்லோரும் சாப்பிட்டார்கள். எலும்பு சுத்தமாகக் கழன்றது. ஒருவர் விரலை நக்கினாராம். விலா புதுப் பட்டியலில் உண்டு. இவருக்கு வேலையும் உண்டு. ஆனால் மீனும் சோசும் இனி இவருக்கு இல்லை. காலையில் போய், நீண்ட நேரம் வேகிற இறைச்சிகளை வைத்து இறக்குவதுதான் இனி வேலை. மீன் அடுப்பு இவருக்குப் பதினொரு வருடம் காத்திருந்து கிடைத்தது. கார்லா ஜூன் முதல் குசினிக்கு வருகிறாள், பகல் வேலைக்கு.

"நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் மீன் அடுப்பும் உங்களுக்கே இருந்திருக்கும்" என்றேன்.

"ஓம்" என்றார்.

பிறகு, "நீர் ரேட்டோவிட்டை ரெண்டாந்தரம் போனதை அவன் சொன்னவன்" என்றார். சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டார்.

ஜூன் 6, வியாழன்

கடையில் கார்லாவைக் கண்டேன். வணக்கம் சொன்னேன். தலையை ஒரு அங்குலம் ஆட்டிவிட்டுப் போனாள். அதுவே எனக்குக் கூடுதல்.

ஜூன் 10, திங்கள்

டொக்டர் ஒரு பயிற்சி சொல்லியிருக்கிறார். நாலு சின்னப் போத்தல்: தேசிக்காய், ரோசா, யூக்கலிப்டஸ், கராம்பு. காலையும் மாலையும் ஒவ்வொன்றாக மணந்து, அந்த மணத்தை நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். மாதக் கணக்கில் செய்ய வேண்டும். பலன் வரும் என்று அவர் சத்தியம் பண்ணவில்லை.

போத்தலைப் பிடிப்பது நான். முதல் நாட்களில் பேசாமல் பிடித்தேன். நேற்று இவர், "சும்மா நிக்காமல் சொல்லுமன், இது எப்பிடி மணக்கும் எண்டு" என்றார். சொல்ல வாய் திறந்தால் சொல் வரவில்லை. இவ்வளவு காலம் மணந்து மணந்து குற்றம் கண்டுபிடித்த எனக்கு, ஒரு மணத்தைச் சொல்லத் தெரியவில்லை.

இன்று காலை கராம்பு. கண்ணை மூடிக்கொண்டார்.

"சூத்தைப் பல்லுக்கு வைக்கிற மணம்" என்றேன். "நத்தார் கேக்கிலை வெட்டினவுடனை வாற மணம். மர அலுமாரிக்குள்ளை ஆரோ இருமின மாதிரி."

"மர அலுமாரிக்குள்ளை ஆர் இருமினது?" என்று கண்ணை மூடியபடியே சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல்.

"தெரியுதோ?"

இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார்.

"இல்லை" என்றார். "மற்றதைப் பிடியும்."

தேசிக்காய்ப் போத்தலைத் திறந்தேன்.